சலூனில் கூட்டமா?

(இரண்டாம் ஆண்டு பி.எஸ்சி. வேதியியல் மாணவன்)

முடிதிருத்தும் நிலையத்தில் பேச்சுக்கா பஞ்சம்? அரசியல் முதல் ஆட்டு விலை வரை அங்கே அலசப்படாத செய்தி உண்டா? ஒருவர் நாளேட்டை உரக்கப் படிக்க, பத்துப் பேர் சுற்றி அமர்ந்து கேட்டுத் தெளிந்த இடங்கள் தேநீர்க் கடையும் சலூனுமே என்று நம் பாட்டன்மார் சொல்லக் கேட்டிருக்கிறோம். அத்தகைய இடத்தில் வேலை பார்ப்பவர்கள் வாரத்துக்கு ஒருமுறை கூடிப் பேச வேண்டும் என்று ஒருவன் கட்டுரை எழுத வந்தால், "திருநெல்வேலிக்கே அல்வாவா?" என்று நீங்கள் சிரிக்கலாம். சிரியுங்கள், தடையில்லை. படித்து முடித்துவிட்டுச் சிரியுங்கள் என்பதே என் வேண்டுகோள்.

நான் முடிதிருத்தும் தொழிலாளி ஒருவரின் மகன். எங்கள் குடும்பத்தில் கல்லூரிப் படியை மிதித்த முதல் ஆள். என் தந்தை எங்கள் ஊர்ப் பேருந்து நிலையத்துக்கு எதிரிலுள்ள சலூனில் 18 ஆண்டுகளாக இரண்டாம் நாற்காலி. அந்தக் கடையில் ஆளை அப்படித்தான் குறிப்பிடுவார்கள். முதல் நாற்காலி, இரண்டாம் நாற்காலி என்று. நாற்காலி அவருடையது என்றாலும் அதில் உட்காருகிறவர் வேறொருவர் என்பது தனிக்கதை. ஞாயிற்றுக்கிழமைகளில் நானும் அங்கே போவேன். துண்டு உதறுவேன், தரையில் விழுந்த முடியைக் கூட்டித் தள்ளுவேன், முதலாளி சாப்பிடப் போனால் கல்லாவைப் பார்த்துக்கொள்வேன். இதைக் கல்லூரியில் சொல்வதற்கு முதலாண்டு முழுதும் கூசினேன். இப்போது கூச்சமில்லை. ஆகவேதான் எழுதுகிறேன்.

சலூன் என்றால் அது ஒரு கடை என்று வெளியிலிருந்து பார்ப்பவர்கள் நினைக்கிறார்கள். உள்ளே நின்றவனுக்குத் தெரியும், அது ஒரே கூரைக்குக் கீழே நான்கு கடைகள். காரணம் கூலி முறை. எங்கள் கடையில் மாதச் சம்பளம் கிடையாது, பங்குதான். வாங்கும் காசில் பாதி கடைக்கு, பாதி வேலை செய்த கைக்கு. அன்று எத்தனை தலையோ அத்தனைக்குத்தான் கூலி. ஆள் வராத நாளில் பேருந்துக் காசுகூடத் தேறாது. இந்த ஏற்பாட்டில் பக்கத்து நாற்காலிக்காரர் தோழரும்தான், போட்டியாளரும்தான். தம் வாடிக்கையாளர் ஒருநாள் அங்கே போய் உட்கார்ந்து, அந்தக் கை பிடித்துப்போய் அங்கேயே தங்கிவிட்டால் மாத வருமானத்தில் ஓட்டை விழும். ஆதலால் ஒவ்வொருவரும் தம் வாடிக்கையாளரைப் பற்றிய சேதிகளைத் தம் மனத்துக்குள்ளேயே பூட்டி வைத்துக்கொள்கிறார்கள்.

என் தந்தைக்குத் தெரிந்தவற்றைக் கேட்டால் வியப்பீர்கள். யாருக்கு உச்சியில் இரட்டைச் சுழி, யாருக்குக் காதுக்குப் பின்னால் தையல் தழும்பு, யாருக்குச் சர்க்கரை நோய், யார் இரத்தம் உறையாமலிருக்க மாத்திரை சாப்பிடுகிறவர், ஆகவே யாருக்குச் சவரம் செய்யும்போது கத்தி இம்மியும் பிசகக் கூடாது என்பதெல்லாம் அவருக்கு மனப்பாடம். எழுத்தில் ஒரு வரி இல்லை. அவர் விடுப்பு எடுத்தால் அந்த அறிவும் கூடவே விடுப்பு எடுத்துக்கொள்ளும். போன ஆண்டு அதுதான் நடந்தது.

ஓய்வுபெற்ற பெரியவர் ஒருவர் மாதம் ஒருமுறை தலைக்குச் சாயம் பூசிக்கொள்ள என் தந்தையிடம் வருவார். ஒருமுறை பூசிய மறுநாள் காதோரம் அரிப்பும் சிவப்புமாக இருந்ததாக அவரே வந்து சொல்லியிருக்கிறார். அன்றிலிருந்து என் தந்தை அவருக்குக் கடைச் சாயத்தைத் தொடுவதில்லை. கலப்பில்லாத மருதாணிப் பொடிதான். இது அவ்விருவருக்கும் மட்டுமே தெரிந்த ஏற்பாடு. அந்தப் பெரியவருக்கும் "ஏதோ ஒத்துக்கலை" என்ற அளவில்தான் நினைவு.

ஓர் உறவினர் திருமணத்துக்காக என் தந்தை இரண்டு நாள் வெளியூர் போயிருந்தார். பெரியவர் வந்தார். அவருக்கும் மறுநாள் வீட்டில் விசேஷம், அவசரம். நான்காம் நாற்காலியில் அப்போது பீகாரிலிருந்து வந்த இளைஞர் ஒருவர் இருந்தார். என்னைவிட இரண்டு வயது மூத்தவர். நம் கல்லூரி மாணவர்கள் இன்று விரும்பும் வெட்டுகளை எல்லாம் அந்தக் கடையில் அவர் ஒருவரே அறிந்திருந்தார். தமிழ் அரைகுறை. பெரியவர் மருதாணி என்று சொல்லியிருக்கலாம். அது இவருக்குப் புரியாமல் போயிருக்கலாம். சாயத்தைக் கலக்கிப் பூசிவிட்டார். மறுநாள் பெரியவருக்கு நெற்றியும் கண்ணிமைகளும் வீங்கி, கண்ணைத் திறக்க முடியவில்லை. இரண்டு நாள் மருத்துவமனையில் இருந்தார். நல்லவேளை, பார்வைக்கு ஒன்றும் நேரவில்லை. அவருடைய மகன்கள் கடை வாசலில் நின்று போட்ட சத்தத்தில் பேருந்து நிலையமே திரும்பிப் பார்த்தது. முதலாளி அந்த இளைஞரின் ஒரு வாரப் பங்கைப் பிடித்துக்கொண்டார். அடுத்த செவ்வாய்க்கிழமை கடைக்கு வார விடுமுறை. புதன்கிழமை அவர் வரவில்லை. தங்கியிருந்த அறையையும் காலி செய்துவிட்டுப் போய்விட்டார் என்றார்கள்.

ஊரிலிருந்து திரும்பிய தந்தையிடம், "உங்களுக்குத்தான் தெரியுமே, அந்த அண்ணன்கிட்ட ஒரு வார்த்தை சொல்லியிருக்கக் கூடாதா அப்பா?" என்று கேட்டேன்.

"எனக்குத் தெரியும்ப்பா. யாரு கேட்டா?" என்றார். சற்று நேரம் கழித்து, "நானாப் போய்ச் சொன்னா, என் ஆளை நானே அவன்கிட்ட அனுப்புற மாதிரி ஆயிடும்" என்றார். அன்றிரவு அவர் சாப்பிடவில்லை.

வேதியியல் படிக்கிறவன் என்பதால் இங்கே ஒரு சிறு விளக்கம். கருஞ்சாயங்கள் பலவற்றில் பாரா-பினைலீன் டைஅமீன் என்னும் சேர்மம் உண்டு. ஹைட்ரஜன் பெராக்சைடு அதை ஆக்சிஜனேற்றம் செய்யும்போது முடியினுள் நிறம் உண்டாகிறது. சிலருடைய உடம்பு இந்தச் சேர்மத்தைப் பகையாகக் கருதத் தொடங்கிவிடும். முதல் சில தடவைகள் ஒன்றும் தெரியாது. ஒவ்வாமை ஒருமுறை வேரூன்றிவிட்டால் அடுத்தடுத்த முறைகளில் அது கடுமையாகலாம். அதனால்தான் 48 மணி நேரம் முன்னதாகத் தோலில் சிறிது பூசிப் பார்க்கும்படி சாயப் பெட்டிக்குள் இருக்கும் தாளில் அச்சிட்டிருக்கிறார்கள். அந்தத் தாளை எங்கள் கடையில் அதுவரை எவரும் படித்ததில்லை. எழுத்து எறும்புத் தலை அளவு. பெரியவரின் உடம்பு மறக்காமல் வைத்திருந்ததைக் கடை மறந்துவிட்டது.

குற்றம் யாருடையது? அந்த இளைஞருடையதா, என் தந்தையுடையதா, முதலாளியுடையதா? எவரையும் கூண்டில் ஏற்ற நான் விரும்பவில்லை. நால்வரும் முழங்கை இடிக்கும் தொலைவில் நாளுக்கு 12 மணி நேரம் நிற்கிறார்கள். வாய் ஓயாமல் பேசுகிறார்கள். ஆனால் அந்தப் பேச்செல்லாம் கண்ணாடியைப் பார்த்து, வாடிக்கையாளரோடு. தங்கள் வேலையைப் பற்றித் தங்களுக்குள் பேச அங்கே நேரமும் இல்லை, வழக்கமும் இல்லை. "நீ அந்தப் பிளேடை மாத்தலை" என்று வாடிக்கையாளர் காதுபடச் சொல்ல முடியுமா? ஆகவே அவர்களுக்கென்று ஒரு நேரம் வேண்டும். வாரம் ஒருமுறை, அரை மணி நேரம், ஷட்டரைப் பாதி இறக்கிவிட்டு. அந்த நேரம் திட்டுவதற்கு அன்று. தெரிந்ததைச் சொல்வதற்கும் தெரியாததைக் கேட்பதற்கும். இதுவே நான் சொல்ல வந்தது.

இதை முதலாளியிடம் சொன்னபோது, "நாள் பூரா ஒண்ணாத்தானே கிடக்குறோம், தனியா என்ன கூட்டம்? இது என்ன கலெக்டர் ஆபீஸா?" என்றார். என் தந்தையின் மறுப்பு வேறு மாதிரி. "முதலாளி கூட்டம் போட்டா திட்டத்தான் போடுவாரு." முதல் நாற்காலி அண்ணன், வாட்ஸ்அப்பில்தான் குழு இருக்கிறதே, அதில் போட்டால் போதாதா என்று கேட்டார். அந்தக் குழுவை நான் பார்த்திருக்கிறேன். காலை வணக்கப் படங்கள் நூறு. 'நாளை கரண்ட் கட்' என்று ஒரு வரி. தமிழ் வாசிக்கத் தெரியாதவருக்கு அந்த ஒரு வரியும் பயன்படாது. எழுத்துக் கூட்டி வாசிக்கிறவர்கள் தங்கள் மனக்குறையை அதில் எழுதப் போவதும் இல்லை.

கூடிப் பேசுவது கலெக்டர் ஆபீசுக்கு மட்டுமே உரியதா? நூலகத்தில் புரட்டிப் பார்த்தேன். ஜப்பானில் 1962-ஆம் ஆண்டு முதல் தொழிற்சாலைகளில் 'தர வட்டம்' என்ற முறை பரவியது. ஒரே வேலையைச் செய்யும் சில தொழிலாளர்கள் குறித்த நேரத்தில் கூடி, தங்கள் வேலையிலுள்ள சிக்கலைத் தாங்களே ஆராய்ந்து வழி காண்பது அதன் சாரம். நம் நாட்டில் பெல் நிறுவனத்தின் ஐதராபாத் ஆலையில் 1980-இல் அது தொடங்கியது. ஆலைக்குப் பொருந்துவது நான்கு நாற்காலிக் கடைக்குப் பொருந்துமா என்பீர்கள். சரி, வேறோர் எடுத்துக்காட்டு.

இலண்டனில் 1540 முதல் 1745 வரை முடிதிருத்துவோரும் அறுவை மருத்துவரும் ஒரே சங்கத்தில் இருந்தவர்கள். நம் நாட்டிலும் எங்கள் சமூகத்தாரை மருத்துவர் என்று அழைக்கும் வழக்கம் உண்டு. எங்கள் பாட்டிமார் ஊருக்கே பேறுகாலம் பார்த்தவர்கள். அந்தப் பழைய உறவின் உரிமையில் அறுவை அரங்கிலிருந்து ஒன்றைக் கடன் கேட்கலாம். 2008-இல் உலக நல்வாழ்வு நிறுவனம் அறுவை மருத்துவத்துக்கு ஒரு சரிபார்ப்புப் பட்டியலை வெளியிட்டது. மயக்க மருந்து கொடுக்குமுன் நோயாளிக்கு ஒவ்வாமை எதுவும் உண்டா என்று கேட்டு உறுதி செய்ய வேண்டும். கத்தி வைக்குமுன் அரங்கிலுள்ள அனைவரும் சற்று நின்று, தம் பெயரையும் பணியையும் வாய்விட்டுச் சொல்ல வேண்டும். எட்டு நாடுகளில் எட்டு மருத்துவமனைகளில் இதைச் செய்து பார்த்தார்கள். அவற்றில் ஒன்று புதுதில்லியில் உள்ளது. இறப்பு விகிதம் 1.5 விழுக்காட்டிலிருந்து 0.8 ஆகக் குறைந்தது என்று 2009-இல் வெளியான ஆய்வு கூறுகிறது. அங்கே இருந்தவர்கள் அனைவரும் படித்தவர்கள், நாள்தோறும் சேர்ந்து நிற்பவர்கள். அவர்களுக்கே நின்று பேசுவதற்கு ஒரு விதி தேவைப்பட்டது என்றால், எங்கள் கடைக்குத் தேவைப்படாதா?

வாசலில் கேட்ட சத்தம் முதலாளியின் காதில் இன்னும் ஒலித்துக்கொண்டிருந்ததோ என்னவோ, ஒருவழியாக இணங்கினார். எந்த நாளில் கூடுவது? செவ்வாய்க்கிழமை வேண்டாம், ஏழு நாளில் கிடைக்கும் ஒரே ஓய்வைக் கூட்டம் என்ற பெயரில் பிடுங்குவது அநியாயம். ஞாயிற்றுக்கிழமை நினைத்தும் பார்க்க முடியாது. வெள்ளிக்கிழமை முடி வெட்ட நம் மக்களில் பலர் தயங்குவார்கள் என்பது உங்களுக்குத் தெரிந்ததே. ஆகவே வெள்ளி, காலை எட்டு மணி. எனக்கும் கல்லூரிக்கு வர நேரமிருந்தது. "நீதான் படிச்சவன்" என்று குறிப்பெடுக்கும் வேலையை என் தலையில் கட்டினார்கள்.

முதல் இரண்டு வாரமும் என் தந்தை சொன்னபடியே நடந்தது. முதலாளி 25 நிமிடம் பேசினார். தாமதமாக வருவது, துண்டு தொலைவது, மின்கட்டணம். மற்றவர்கள் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். குறிப்பேட்டில் எழுத ஒன்றுமில்லை. மூன்றாம் வாரம் ஒரு யோசனை சொன்னேன்: வயதில் சிறியவர் முதலில் பேசட்டும், முதலாளி கடைசியில் பேசட்டும். வேடிக்கையாக எடுத்துக்கொண்டு சரி என்றார்.

வேலை பழகும் 19 வயதுத் தம்பி எழுந்தான். "பிளேடு ஆளுக்கு ஒண்ணு மாத்துறோம். ஆனா மெஷின் பல்லை யாருமே துடைக்கிறதில்லைண்ணே. காலையிலேருந்து ராத்திரி வரைக்கும் அதே பல்லு" என்றான். எவரிடமும் பதில் இல்லை. மஞ்சட்காமாலையை உண்டாக்கும் கிருமிகளுள் ஒன்றான ஹெபடைடிஸ் பி உடம்புக்கு வெளியே உலர்ந்த பரப்பில் குறைந்தது ஏழு நாள் உயிர்ப்போடு இருக்கும் என்பதை நான் சொன்னேன். தலையில் சிறு கீறலும் கண்ணுக்குத் தெரியாத துளி இரத்தமும் போதும். அன்று மாலையே கிருமிநாசினி வந்தது. ஓராண்டாக அந்தத் தம்பி இதைப் பார்த்துக்கொண்டே இருந்திருக்கிறான்.

அடுத்த வாரம் முதல் நாற்காலி அண்ணன் வேட்டியை முழங்கால்வரை தூக்கிக் காலைக் காட்டினார். நரம்புகள் கயிறு போல் புடைத்து முறுக்கியிருந்தன. முப்பதாண்டு நின்ற கால். வாடிக்கையாளர் இல்லாத வேளையிலும் வாடிக்கையாளர் நாற்காலியில் உட்காரக் கூடாது என்பது கடையின் எழுதாத விதி. கடைகளில் வேலை செய்வோர்க்கு இருக்கை தர வேண்டும் என்று 2021-இல் நம் மாநிலத்தில் கடைகள் நிறுவனங்கள் சட்டம் திருத்தப்பட்டதைக் கூறினேன். "இது வேறயா?" என்று முதலாளி முணுமுணுத்தார். ஆனாலும் இரண்டு முக்காலிகள் வந்தன. நால்வருக்கு இரண்டு. சரி, தொடக்கம்.

ஆறாம் வாரம் என் தந்தை பேசினார். பெரியவர் கதையை, தாம் மறைத்து வைத்ததையும் சேர்த்து, முழுதும் சொன்னார். பிறகுதான் உண்மையான பேச்சே தொடங்கியது எனலாம். ஏன் ஒருவரும் சொல்லிக்கொள்வதில்லை என்றால் வாடிக்கையாளர் போய்விடுவார் என்ற பயம். அந்தப் பயத்துக்கு வழி செய்யாமல் 'ஒற்றுமையாக இருங்கள்' என்று சொல்லிப் பயனில்லை. எனவே ஓர் ஒப்பந்தம் செய்துகொண்டார்கள். விடுப்பில் இருப்பவரின் வாடிக்கையாளரை வேறொருவர் பார்த்தால் அன்றைய பங்கு பார்த்தவருக்கு. அடுத்த முறை அவரைப் பழைய நாற்காலிக்கே அனுப்பிவிட வேண்டும். யார் யாருக்கு எது ஒத்துக்கொள்ளாது என்பதை எழுத ஒரு நீள நோட்டு வாங்கப்பட்டது. ஐயப்பனுக்கு மாலை போடும் கார்த்திகையில் வருமானம் படுத்துவிடுமே, அப்போது யார் எப்போது ஊருக்குப் போவது என்று முறை வைத்துக்கொண்டதும் அந்த நோட்டில்தான் இருக்கிறது.

எல்லாம் இனிதே முடிந்தது என்று நான் சொன்னால் அது பொய். தீபாவளிக்கு முன் மூன்று வாரம் கூட்டமே நடக்கவில்லை. முதல் நாற்காலியும் மூன்றாம் நாற்காலியும் இன்னும் கூட்டத்தில் தவிர வேறெங்கும் முகம் கொடுத்துப் பேசுவதில்லை. அரை மணி நேரத்துக்குக் கூலி யார் கொடுப்பது என்ற கேள்வியும் தீரவில்லை. பங்கு முறையில் கூட்ட நேரம் என்பது வெறுங்கை நேரம். ஆளுக்கு ஒரு கட்டிங்கின் பங்கையாவது முதலாளி தர வேண்டும் என்பது என் கட்சி. இப்போதைக்கு அவர் தருவது தேநீரும் வடையும். நம் ஆசிரியர்களுக்குத் துறைக் கூட்டத்தில் பிஸ்கட் கிடைக்கிறது என்று கேள்வி. ஆனால் அவர்களுக்கு மாதச் சம்பளம் இருக்கிறது.

இன்னொன்றும் சொல்லிவிட வேண்டும். போய்விட்ட அந்த இளைஞரின் ஒரு வாரப் பங்கு இன்னும் கடையில்தான் இருக்கிறது. கூட்டத்தில் அதை எழுப்ப இருமுறை வாயெடுத்தேன். நான் குறிப்பெடுப்பவன்தானே, தொழிலாளி அல்லனே என்று அடக்கிக்கொண்டேன். என் தந்தை "யாரு கேட்டா?" என்று சொன்னபோது எனக்கு வந்த கோபம் நினைவுக்கு வருகிறது. மாலையில் துணிக்கடையிலும் கைப்பேசிக் கடையிலும் நின்றுவிட்டுக் காலையில் வகுப்புக்கு வரும் நண்பர்கள் நம்மில் பலர் உண்டு. அவர்களுக்கு நான் சொல்வது புரியும். வருகிற வெள்ளிக்கிழமை கேட்டுவிடுவதாக இருக்கிறேன்.

இப்போது நான்காம் நாற்காலிக்கு உத்தரப் பிரதேசத்துக்காரர் ஒருவர் வந்திருக்கிறார். நோட்டின் முதல் பக்கத்தில் பெரியவரின் பெயருக்கு எதிரே, 'சாயம் கூடாது, மருதாணி மட்டும்' என்று நான் எழுதியிருந்தேன். அவருக்குத் தமிழ் எழுத்து தெரியாது. போன வெள்ளிக்கிழமை என் தந்தை அந்த வரியை விரலால் தொட்டுக் காட்டி, "மெஹந்தி, மெஹந்தி" என்றார். அவர் தலையசைத்து, என்னிடம் பேனாவை வாங்கி, பக்கத்திலேயே தம் எழுத்தில் அதை எழுதிக்கொண்டார். பெரியவர்தான் இன்னும் கடைப்பக்கம் வரவில்லை.